ஆற்றின் இரு கரையும் இரு மாநிலம்: படகுக்கு யார் சட்டம் போடுவது?

அமெரிக்க ஃபெர்ரி (கரைக்குக் கரை ஆள் ஏற்றும் படகு) வழக்குகளைப் புரட்டினால் பாதிக்கு மேல் சில்லறைச் சண்டையாகத்தான் தெரியும். ஒரு சின்ன ஊர் படகுக்கு லைசென்ஸ் கேட்கும், ஒரு துறைமுகம் டிக்கெட்டோடு தலைக்கு இவ்வளவு என்று தனியாக வசூலிக்கும், ஒரு கடற்கரை ஊர் கார் ஏற்றும் படகே எங்கள் பக்கம் வரக்கூடாது என்று விதி எழுதும், படகுக்காரர் வக்கீலைத் தேடிப் போவார். ஆனால் ஒரு மாநிலம் இன்னொரு மாநிலத்தோடு நடக்கும் வியாபாரத்தில் எவ்வளவு தூரம் கை வைக்கலாம் என்ற கேள்விக்கு அந்த நாட்டில் கிடைத்த முதல் பெரிய பதிலே ஒரு படகு வழக்கில்தான் வந்தது. லாரி, ரயில், விமானம் என்று பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் அதுதான் அஸ்திவாரம். சட்டம் படிக்காமலே புரிந்துகொள்ளலாம், கொஞ்சம் பொறுமை இருந்தால் போதும்.

முதலில் பின்னணி. விடுதலைக்குப் பிறகான சில வருடங்கள் அமெரிக்காவின் 13 மாநிலங்களும் கிட்டத்தட்ட தனித்தனி நாடுகள் மாதிரி நடந்துகொண்டன. நியூயார்க் நகரத்துக்கு விறகு கனெக்டிகட்டிலிருந்து வரும், வெண்ணெயும் கோழியும் காய்கறியும் நியூஜெர்சியிலிருந்து வரும், எல்லாம் படகில்தான். நியூயார்க் அந்தப் படகுகள் மேல் வரி போட்டது. நியூஜெர்சி சும்மா இருக்குமா? துறைமுகத்துக்குக் கப்பல்களுக்கு வழிகாட்டும் சாண்டி ஹுக் கலங்கரை விளக்கம் நியூயார்க்குக்குச் சொந்தம், ஆனால் அது நிற்பதோ நியூஜெர்சி மண்ணில். அந்த விளக்குக்கு மாதம் 30 பவுண்டு வரி என்று தீட்டிவிட்டது. இந்த மாதிரிக் கூத்துகளைப் பார்த்து அலுத்துப்போய்த்தான் 1787இல் எழுதிய அரசியல் சாசனத்தில், மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் நாடாளுமன்றமான காங்கிரசுக்கு என்று ஒரு வாக்கியம் சேர்த்தார்கள். வணிகப் பிரிவு என்று அதற்குப் பேர். ஒரே வாக்கியம்தான். அது எதுவரை நீளும் என்று யாரும் எழுதிவைக்கவில்லை.

அப்புறம் நீராவி வந்தது. 1807 ஆகஸ்டில் ராபர்ட் ஃபுல்டனின் நீராவிப் படகு நியூயார்க்கிலிருந்து ஆல்பனிக்கு 150 மைல் தூரத்தை 32 மணி நேரத்தில் கடந்தது. ஃபுல்டனின் கூட்டாளி ராபர்ட் லிவிங்ஸ்டன் அரசியலில் பெரிய கை. இந்த இரண்டு பேருக்கும் நியூயார்க் சட்டமன்றம் தன் மாநிலத்து நீர்நிலைகள் முழுவதிலும் நீராவிப் படகு ஓட்டும் ஏகபோக உரிமையைக் கொடுத்திருந்தது. வேறு யாராவது நீராவிப் படகோடு உள்ளே நுழைந்தால் படகையே பறிமுதல் செய்யலாம். புதுக் கண்டுபிடிப்பை ஊக்குவிக்கத்தான் இந்த ஏற்பாடு என்று காரணம் சொன்னார்கள், அதில் ஓரளவு நியாயமும் இருந்தது. ஆனால் ஹட்சன் ஆற்றின் எதிர்க்கரை நியூஜெர்சி ஆயிற்றே! நியூஜெர்சியும் கனெக்டிகட்டும் பதிலுக்குப் பதில் சட்டம் போட ஆரம்பித்தன. நியூயார்க் ஏகபோகத்தின் கீழ் ஓடும் படகுக்கு எங்கள் தண்ணீரில் இடமில்லை என்று கனெக்டிகட் சொல்லிவிட்டது.

நியூஜெர்சியின் எலிசபெத்டவுனிலிருந்து நியூயார்க்குக்கு ஆரன் ஆக்டன் என்பவர் படகு ஓட்டிக்கொண்டிருந்தார். நியூஜெர்சியின் ஆளுநராக இருந்தவர். ஏகபோகக்காரர்களோடு மோதிப் பார்த்து முடியாமல், கடைசியில் அவர்களிடமே காசு கொடுத்து உரிமம் வாங்கினார். தாமஸ் கிப்பன்ஸ் அவரோடு கொஞ்ச காலம் தொழிலில் ஒட்டிக்கொண்டிருந்து, பிறகு ஜென்ம விரோதி ஆனவர். ஆக்டனை ஒற்றைக்கு ஒற்றை துப்பாக்கிச் சண்டைக்கே கூப்பிட்டார் என்றால் பகையின் சூடு புரியும். கிப்பன்ஸ் நியூயார்க் உரிமம் எதையும் வாங்கவில்லை. கடலோரப் போக்குவரத்துக்காக காங்கிரஸ் 1793இல் போட்ட சட்டத்தின்கீழ் ஒரு மத்திய உரிமம் எடுத்தார், அதே தடத்தில் போட்டிப் படகு விட்டார். படகை ஓட்ட ஒரு முரட்டு இளைஞரை வேலைக்கு வைத்தார். பின்னாளில் ரயில்வே கோடீஸ்வரரான கார்னீலியஸ் வான்டர்பில்ட்தான் அவர். நியூயார்க் அதிகாரிகள் கைது செய்ய வரும்போதெல்லாம் நழுவுவது அவருக்கு வாடிக்கை, அந்தக் கதைகள் தனிக் கட்டுரைக்கு ஆகும்.

ஆக்டன் நியூயார்க் நீதிமன்றத்தில் தடையாணை வாங்கினார். கிப்பன்ஸ் உச்சநீதிமன்றம் போனார். அங்கே தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் முன் இருந்த கேள்வி ரொம்ப அடிப்படையானது: வணிகம் என்பது பொருளை வாங்கி விற்பது மட்டுமா, ஆட்களை ஏற்றிக்கொண்டு தண்ணீரில் போவதும் அதில் சேர்ந்ததா? ஆக்டன் தரப்பு முன்னதைச் சொன்னது. கிப்பன்ஸுக்காக வாதாடியவர் டேனியல் வெப்ஸ்டர், அந்தக் காலத்தின் மிகப் பெரிய வக்கீல்களில் ஒருவர். 1824 மார்ச் 2ஆம் தேதி தீர்ப்பு வந்தது. கப்பல் போக்குவரத்தும் வணிகம்தான், அது மாநில எல்லைக் கோட்டில் நின்றுவிடாது, உள்ளே வரைக்கும் வரும், காங்கிரஸ் கொடுத்த உரிமத்தோடு மோதும் மாநிலச் சட்டம் செல்லாது. ஏகபோகம் முடிந்தது. ஆக்டன் பிற்பாடு கடனுக்காகச் சிறைக்கே போனார், பாவம்.

சரி, இதோடு கதை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை, அதற்குக் காரணமும் அதே தீர்ப்புதான். மாநிலங்களிடம் மிச்சம் இருக்கும் அதிகாரங்கள் எவை என்று மார்ஷல் போகிற போக்கில் ஒரு பட்டியல் கொடுத்தார்: சரக்குப் பரிசோதனை, நோய்த்தடுப்புத் தனிமைப்படுத்தல், சுகாதாரம், சுங்கச் சாலைகள், அப்புறம் ஃபெர்ரிகள்! நியூஜெர்சியிலிருந்து நியூயார்க் போகும் நீராவிப் படகு மாநிலங்களுக்கிடையேயான வணிகமாம், ஆனால் ஃபெர்ரி மாநிலத்தின் கையிலாம். இரண்டுக்கும் நடுவில் கோடு எங்கே? அதைக் கண்டுபிடிக்க நூறு வருடம் ஆயிற்று.

ஃபெர்ரியை ஏன் தனியாகப் பிரித்தார் என்பது நம் ஊர்க்காரர்களுக்குப் புரிவது சுலபம். காவிரிக் கரையில் பரிசல்துறையை ஊராட்சி ஏலம் விடுமே, ஏலம் எடுத்தவர் மட்டும் அந்தத் துறையில் ஆள் ஏற்றலாம், கட்டணத்தையும் ஊராட்சிதான் நிர்ணயிக்கும், அதே ஏற்பாடுதான் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இருந்த பழைய ஃபெர்ரி உரிமை. ஃபெர்ரி என்பது சாலையின் தொடர்ச்சி, ஆற்றின் மேல் போடாத பாலம், கரை யாருடையதோ அவர் கொடுக்கும் உரிமை என்று பார்த்தார்கள். இந்திய அரசியல் சாசனமும் இதே மனப்பான்மையில்தான் சாலை, பாலம் இவற்றோடு சேர்த்து ஃபெர்ரியையும் மாநிலப் பட்டியலின் 13ஆவது இனத்தில் வைத்திருக்கிறது. அமெரிக்கக் கூட்டாட்சியில் இது சிக்கலானதற்குக் காரணம், அங்கே பெரிய ஆறுகள் பல மாநில எல்லைகளாகவே ஓடுகின்றன.

1862இல் வந்த கான்வே வழக்கு இந்தப் பழைய பார்வையின் உச்சம். ஒஹாயோ ஆற்றின் ஒரு கரையில் கென்டக்கியின் நியூபோர்ட், எதிரே ஒஹாயோவின் சின்சினாட்டி. நியூபோர்ட் பக்கத்து ஃபெர்ரி உரிமை ஒரு குடும்பத்திடம் இருந்தது. போட்டிக்கு வந்தவர்கள் எங்களிடம் கிப்பன்ஸ் வைத்திருந்த மாதிரியே மத்தியக் கடலோர உரிமம் இருக்கிறது என்றார்கள். உச்சநீதிமன்றம் ஒப்புக்கொள்ளவில்லை. கென்டக்கி கரையிலிருந்து கிளம்பும் ஃபெர்ரிக்கு உரிமை கொடுப்பது கென்டக்கியின் வேலை, எதிர்க்கரையின் சம்மதம்கூடத் தேவையில்லை என்று சொல்லிவிட்டது. 1824 தீர்ப்பை மட்டும் படித்துவிட்டு வருகிறவர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும், அப்படித் தெரிவதில் தப்பில்லை.

பிறகு மெல்லக் காற்று திசை மாறியது. டெலவேர் ஆற்றில் நியூஜெர்சியின் குளொஸ்டரிலிருந்து ஃபிலடெல்ஃபியாவுக்கு ஒரு நிறுவனம் ஃபெர்ரி விட்டது. ஃபிலடெல்ஃபியாவில் அதற்கு இருந்தது குத்தகைக்கு எடுத்த ஒரு படகுத்துறை மட்டும்தான். எங்கள் மாநிலத்தில் தொழில் செய்கிறாய், உன் மூலதனத்துக்கு வரி கட்டு என்றது பென்சில்வேனியா. 1885இல் உச்சநீதிமன்றம் மறுத்தது: கரையில் ஆளை இறக்குவதும் ஏற்றுவதும் மாநிலம் தாண்டும் பயணத்தின் ஒரு பகுதி, இறங்குவதற்கே வரி என்றால் பயணத்துக்கே வரி போட்ட மாதிரிதான். துறையைப் பயன்படுத்த நியாயமான வாடகை கேட்டால் அது வேறு விஷயம்.

1914இல் இரண்டு தீர்ப்புகள் வந்தன, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் கோடு தெளிவாகத் தெரிய ஆரம்பிக்கும். மிச்சிகனில் சூ செயின்ட் மேரி என்ற ஊர், ஆற்றுக்கு எதிரே கனடா. கனடா நிறுவனம் விடும் ஃபெர்ரிக்கு நகராட்சி லைசென்ஸும் அதற்கு ஒரு கட்டணமும் கேட்டது. செல்லாது என்றது நீதிமன்றம். லைசென்ஸ் தர ஓர் ஊருக்கு அதிகாரம் உண்டு என்றால் மறுக்கவும் உண்டு என்று ஆகும், இரண்டு நாடுகளுக்கு நடுவில் ஓடும் படகு ஒரு நகராட்சியின் தயவில் ஓட முடியாது. மற்றது நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவுக்கும் நியூஜெர்சிக்கும் நடுவே ஓடிய ஃபெர்ரி. நியூஜெர்சியின் ஹட்சன் கவுன்டி (நம் மாவட்டம் மாதிரி) தன் கரையிலிருந்து ஏறுகிறவர்களுக்குக் கட்டணம் இவ்வளவுதான் என்று நிர்ணயித்தது. அது செல்லும், காங்கிரஸ் இதைப் பற்றி எதுவும் சொல்லாதவரை உள்ளூர் பயணியைப் பாதுகாக்க யாராவது இருக்க வேண்டுமே என்பது நீதிமன்றத்தின் வாதம். 1927இல் மிசிசிப்பி ஆற்றில் விடாலியாவுக்கும் நாச்செஸுக்கும் இடையே ஓடிய ஃபெர்ரியிலும் சூ செயின்ட் மேரி கதைதான். லூசியானா பக்கத்து விடாலியா ஊர் மன்றத்தின் அனுமதி இல்லாமல் படகு ஓடக்கூடாது என்ற விதி செல்லாது என்று ஆனது.

இந்த வழக்குகளில் அடியோட்டமாக இருக்கும் கருத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் புதிதாகப் படிக்கிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுமாறுகிறார்கள். கிப்பன்ஸ் கையில் மத்திய உரிமம் இருந்தது, அதனால் மாநிலச் சட்டம் மத்தியச் சட்டத்தோடு நேராக மோதியது. காங்கிரஸ் ஒன்றுமே சட்டம் போடாத விஷயத்தில் என்ன செய்வது? அங்கேயும் மாநிலங்களுக்கு ஓர் எல்லை உண்டு, வணிகப் பிரிவு பேசாமல் இருக்கும்போதும் வேலை செய்கிறது என்று நீதிபதிகள் படிப்படியாக முடிவுக்கு வந்தார்கள். உறங்குநிலை வணிகப் பிரிவு என்று இதைச் சொல்லலாம். வெளி மாநிலத்தான் என்பதற்காகவே ஓரவஞ்சனை செய்யும் விதி அநேகமாகப் பிழைக்காது. எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்கும் விதி என்றால், 1970இல் அரிசோனாவின் முலாம்பழ வழக்கு ஒன்றில் சொன்னபடி எடை போடுவார்கள்: உள்ளூருக்குக் கிடைக்கும் நன்மை இவ்வளவு, மாநிலங்களுக்கிடையேயான வணிகத்துக்கு விழும் சுமை இவ்வளவு, சுமை நன்மைக்கு மீறி வெளிப்படையாக அதிகமாக இருந்தால் விதி போகும். இந்த எடை போடும் வேலையை நீதிபதிகள் செய்யத்தான் வேண்டுமா என்று அங்கே பெரிய சர்ச்சையே உண்டு. என்னைக் கேட்டால் சந்தேகம் நியாயமானதுதான், ஓர் ஊரின் நிம்மதியையும் ஒரு கம்பெனியின் டிக்கெட் வருமானத்தையும் எந்தத் தராசில் வைப்பது?

கட்டணம் என்றால் கேள்வி வேறு. இதற்கு அண்மைக் காலத்து நல்ல உதாரணம் பிரிட்ஜ்போர்ட். கனெக்டிகட்டின் பிரிட்ஜ்போர்ட்டுக்கும் நியூயார்க்கின் போர்ட் ஜெஃபர்சனுக்கும் நடுவே லாங் ஐலண்ட் சவுண்ட் என்ற கடல்நீர்ப் பரப்பு. சாலையில் போனால் நியூயார்க் நகரத்தையே சுற்றிக்கொண்டு போக வேண்டும், அதனால் காரோடு ஃபெர்ரியில் ஏறிவிடுவார்கள். இந்த ஃபெர்ரி நிறுவனம் 1883இல் தொடங்கியது, தொடங்கியவர்களில் ஒருவர் சர்க்கஸ் புகழ் பி.டி. பார்னம். 1993 முதல் பிரிட்ஜ்போர்ட் துறைமுக ஆணையம் ஒவ்வொரு பயணியிடமும் ஒரு கட்டணம் வசூலிக்க ஆரம்பித்தது. வசூலிக்கும் வேலை ஃபெர்ரி நிறுவனத்துக்கு, காசு ஆணையத்துக்கு. தொகை சின்னதுதான், டிக்கெட்டைப் பார்க்கிறவர்கள் பலர் கவனித்தே இருக்க மாட்டார்கள்.

நிறுவனமும் சில பயணிகளும் வழக்குப் போட்டார்கள். வழக்கில் கணக்குப் புத்தகம் திறந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. ஆணையத்தின் செலவில் கிட்டத்தட்ட முழுவதையும் தாங்கி நின்றது இந்தப் பயணிக் கட்டணம்தான், ஆனால் அந்தச் செலவில் ஒரு நல்ல பங்கு ஃபெர்ரிப் பயணி ஒருநாளும் மிதிக்காத இடங்களுக்கும் அவருக்குச் சம்பந்தமே இல்லாத துறைமுகத் திட்டங்களுக்கும் போய்க்கொண்டிருந்தது. விமான நிலையக் கட்டணம் பற்றி 1972இல் உச்சநீதிமன்றம் சொன்ன அளவுகோலை எடுத்துக்கொண்டார்கள்: கட்டணம் பயன்பாட்டுக்கு ஏறத்தாழ ஒத்துப்போகிறதா, கிடைக்கும் வசதிக்கு மேல் போகிறதா, வெளி மாநிலத்தாரிடம் பாரபட்சம் காட்டுகிறதா? இரண்டாவது கேள்வியில் ஆணையம் மாட்டிக்கொண்டது. 2009இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் கட்டணம் செல்லாது என்றே சொன்னது. கப்பலின் கொள்ளளவு மேல் மாநிலங்கள் வரி போடக்கூடாது என்று அரசியல் சாசனத்தில் இன்னொரு பழைய விதி இருக்கிறது, அதையும் இந்தக் கட்டணம் மீறியது என்பது தீர்ப்பு. ஆணையம் கட்டணமே வாங்கக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். துறையைப் பராமரிக்க ஆகும் காசைப் பயணியிடம் கேட்கலாம். ஊரின் மற்ற கனவுகளுக்கும் சேர்த்து அவர் தலையில் கட்டினால்தான் சிக்கல், அதுவும் அந்த ஊரில் ஓட்டுப்போட முடியாத எதிர்க்கரைக்காரர் தலையில்.

அதே நீர்ப்பரப்பின் கிழக்கு முனையில் இன்னொரு மாதிரி தகராறு. கனெக்டிகட்டில் பெரிய சூதாட்ட விடுதிகள் வந்தபின் லாங் ஐலண்டிலிருந்து அங்கே போக வேகப் படகுகளுக்குக் கிராக்கி ஏறியது. கோடையில் ஏற்கெனவே ஒற்றைச் சாலையில் வண்டிகள் திணறும் ஈஸ்ட் ஹாம்ப்டன் ஊர், 1990களின் இறுதியில் கார் ஏற்றும் ஃபெர்ரிக்கும் பெரிய வேகப் படகுக்கும் துறை அமைக்கவே தடை விதித்தது. விளைவு என்ன? படகுக் கூட்டம் முழுக்க பக்கத்து ஊரான சௌத்தோல்டின் துறைக்கே போகும். ஆகவே வழக்குப் போட்டது சௌத்தோல்ட்! ஊர் மேல் ஊர். 2007இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இது வெளி மாநிலத்தாருக்கு எதிரான பாரபட்சம் என்ற வாதத்தை ஏற்கவில்லை, ஆனால் கார் ஃபெர்ரித் தடையின் சுமையையும் நன்மையையும் இன்னும் ஒழுங்காக எடை போட வேண்டும் என்று கீழ் நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்பியது. போக்குவரத்து நெரிசல் பொய்க் காரணம் அல்ல, கோடைச் சனிக்கிழமை அந்தச் சாலையில் மாட்டியவர்கள் சொல்வார்கள். அதே நேரம் எல்லா ஊரும் என் துறையில் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் படகு எங்கேதான் கட்டும்?

இவ்வளவு பாதுகாப்பும் மாநிலம் தாண்டும் படகுக்குத்தான் என்பதை மறக்கக்கூடாது. வாஷிங்டன் மாநிலத்தில் ஷெலான் என்று ஒரு நீண்ட ஏரி, அதன் தலைமாட்டில் ஸ்டெஹீகின் என்ற சிற்றூர். அங்கே சாலை போகாது. படகு, மிதவை விமானம், இல்லையென்றால் நடைதான். 1920களின் இறுதியிலிருந்து ஃபெர்ரி விட ஒரே ஒரு நிறுவனத்துக்குத்தான் மாநிலத்தின் சான்றிதழ் இருந்தது. உள்ளூர் சகோதரர்கள் இரண்டு பேர் போட்டிப் படகு விட நினைத்தார்கள். ஏற்கெனவே ஓட்டுகிறவரின் சேவை போதவில்லை என்று நிரூபித்தால்தான் புதியவருக்கு இடம் என்பது சட்டம், ஏற்கெனவே ஓட்டுகிறவர் வந்து ஆட்சேபிக்கலாம், நிச்சயம் ஆட்சேபிப்பார். ஏரி முழுக்க ஒரே மாநிலத்துக்குள் கிடப்பதால் வணிகப் பிரிவைப் பிடித்து நிற்க வழியில்லை, குடிமக்களின் உரிமைகள் பற்றிய வேறொரு பிரிவைப் பிடித்தார்கள். 2013இல் தோற்றார்கள்: நீர்வழியைப் பயன்படுத்தும் உரிமை இருந்தாலும், மாநிலத்துக்குள்ளேயே ஓடும் ஏரியில் பொதுமக்களுக்கு ஃபெர்ரி விடுவது அதில் அடங்காது. ஊரில் தங்கள் விடுதியில் தங்க வருகிறவர்களை மட்டுமாவது ஏற்றிக்கொள்கிறோம் என்ற வழக்கும் 2020இல் தோற்றுப்போயிற்று.

இதே வாஷிங்டன் மாநிலம், இதே மாதிரி காரணம் சொல்லி, போர்ட்லண்டுக்கும் சியாட்டிலுக்கும் நடுவே பஸ் விட வந்த ஒருவருக்கு அனுமதி மறுத்த கதை ஒன்று உண்டு. அந்தத் தடத்தில் சேவை போதுமான அளவு இருக்கிறது, இன்னொன்று எதற்கு என்றது மாநிலம். அந்த வழக்கு 1925இல் உச்சநீதிமன்றம் போனபோது, இது சாலைப் பாதுகாப்புக்கான விதி இல்லை, போட்டியைத் தடுக்கும் விதி என்று சொல்லி நீதிபதி பிராண்டைஸ் அதைத் தூக்கி எறிந்தார். போர்ட்லண்ட் இருப்பது ஆரிகன் மாநிலத்தில்.